முடிவு தெரிந்த ஆட்டம்

காரைக்குடி அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்பாளராக வேலை பார்ப்பவனுக்கு ஒழுங்கைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. நகரத்தார் திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டால், எந்தக் கோயில், எந்தப் பிரிவு, ஐயா பெயர் எங்கே, அப்பத்தா பெயர் எங்கே, முன்னெழுத்துகள் எந்த வரிசையில் வரவேண்டும் என்பதெல்லாம் எனக்கு முன்பே, என் முதலாளிக்கும் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. ஒரு முன்னெழுத்து இடம் மாறினால் ஒரு குடும்பமே புரூப்போடு வாசலில் வந்து நிற்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் அப்படித்தான், கோயில் திருவிழா நோட்டீசுக்கும் அப்படித்தான். கொடுத்த விஷயத்தைக் கொடுத்த இடத்தில் அடக்குவதே எங்கள் வேலை. அடங்காவிட்டால் எழுத்தின் அளவைக் குறைப்போம், பார்டரை எடுப்போம், கடைசியில் பூவையும் எடுத்துவிடுவோம்.

இப்படிப் பழகிய கண்ணோடுதான் மோர்க் போர்க் என்னும் சுவீடன் நாட்டு ஆட்டப் புத்தகத்தை முதலில் பார்த்தேன். எங்கள் அச்சகத்தில் எனக்கு உதவியாக இருக்கும் தம்பி அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் வகை ஆட்டம் அது. விதிகளையும் உலகத்தையும் எழுதியவர் பெல்லே நில்சன். ஓவியமும் பக்க அமைப்பும் யோஹான் நோர். 2020-இல் ஃப்ரீ லீக் பதிப்பகம் வழியாக வெளிவந்து, அதே ஆண்டில் இத்துறையின் என்னி விருதுகளில் ஆண்டின் சிறந்த படைப்பு என்ற இடத்தையும் பெற்றது. கண்ணைக் குத்தும் மஞ்சள் அட்டை, அதன்மேல் கறுப்பு. உள்ளே எந்த இரண்டு பக்கங்களும் ஒன்றுபோல் இல்லை. ஒரு பக்கத்தில் எழுத்து எலும்புக்கூட்டின் விலாவைச் சுற்றி வளைகிறது. இன்னொன்றில் ஒரே ஒரு வாக்கியம் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. மற்றொன்றில் சூடான இளஞ்சிவப்பின் மேல் கறுப்பு மை ஏறி நிற்கிறது.

தொழில்காரனுக்கு முதலில் எழுவது ரசனை அல்ல, கணக்கு. அச்சுக்குப் போகும்போது எத்தனை பிளேட், கறுப்பை மஞ்சளின்மேல் நேராக ஏற்றினார்களா, அல்லது அடியில் வெட்டி விட்டார்களா, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினால் என்ன தெரியும் என்றுதான் என் மனம் ஓடியது. விலகினாலும் எதுவும் தெரியாது என்பது சற்று நேரத்தில் புரிந்தது. கிழிந்த ஓரம், கசிந்த மை, கோணிய எழுத்து எல்லாம் ஏற்கெனவே வடிவமைப்பின் பகுதியாக இருக்கும் பக்கத்தில் அச்சுப் பிழைக்கு ஒளிந்துகொள்ள இடம் நிறைய. எங்கள் மெஷின்மேன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வேலையை நமக்குக் குடுத்தா ஒரு தாளுகூட வேஸ்ட் ஆகாதுண்ணே" என்றார். அதைவிடக் கூர்மையான விமரிசனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஆனால் அந்தக் குழப்பம் மேற்பரப்பில் மட்டுமே இருக்கிறது என்பதை அறிய எங்களுக்கு ஒரு நல்ல வழி கிடைத்தது. ஓவியமோ வண்ணமோ இல்லாமல், வெறும் எழுத்து மட்டும் உள்ள பதிப்பு ஒன்றை வெளியிட்டவர்களே இலவசமாகத் தருகிறார்கள். அதை அச்செடுத்து, எங்களிடம் மெய்ப்புப் பார்க்கும் ஐயாவிடம் கொடுத்தோம். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஆங்கிலத்தையும் அதே கண்டிப்போடு படிப்பவர். சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்து முடித்தவர், வெட்டுவதற்கு ஏதும் இல்லை என்று பேனாவை மூடினார். அவ்வளவு சிக்கனமான எழுத்து. வலிமை, சுறுசுறுப்பு, மனத்திண்மை, உடலுறுதி என்று பொதுவாகச் சொல்லத்தக்க நான்கே குணங்கள். இருபது பக்கப் பகடையை உருட்டிக் குணத்தின் எண்ணைச் சேர்த்தால் வழக்கமாகப் பன்னிரண்டை எட்ட வேண்டும். எதிரி தாக்கும்போதும் தடுக்க வேண்டியவரே உருட்டுகிறார். ஆகவே சாவு வந்தால் அது நம் கையிலிருந்தே வருகிறது. இத்தனை விதிகளும் ஓர் அழைப்பிதழின் நான்கு பக்கங்களில் அடங்கிவிடும் என்று தோன்றியது.

ஆகவே ஓவியம் எழுத்தின் பலவீனத்தை மறைக்க வரவில்லை. எழுத்து தன் வேலையை முடித்து ஒதுங்கிக்கொண்டதால் கிடைத்த இடத்தில்தான் ஓவியம் விரிகிறது. இந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பின்னர் வந்த சில துணைப் படைப்புகளைத் தம்பி திரையில் காட்டினான். அவற்றில் சில, கசங்கிய எழுத்துருக்களையும் மண்டையோடுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அடியில் பத்தி பத்தியாக விளக்கங்களை அடுக்கியிருந்தன. நோய் தெரிகிறது, வைத்தியம் தெரியவில்லை. மூலப் புத்தகத்தில் வேண்டிய அட்டவணை வேண்டிய இடத்தில் கிடைக்கிறது. ஆட்டத்தின் நடுவே தேட வேண்டிய எண்கள் எல்லாம் கோணாமல் நேராக நிற்கின்றன. எது கோணலாம், எது கோணக்கூடாது என்று நோருக்குத் தெரிந்திருக்கிறது. என் பணியில் நான் இத்தனை காலம் செய்துவருவதும் இந்தத் தேர்வைத்தான், ஆனால் கோணலாம் என்ற பக்கத்தை எனக்கு யாரும் திறந்துவிட்டதில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நாற்பதைக் கடந்த கண்ணுக்குச் சில பக்கங்கள் கொடுமை. அடர் வண்ணத்தின் மேல் சிறிய எழுத்தை வைத்துவிட்டு அதைச் சூழல் என்று சொன்னால், இரவு எட்டு மணிக்கு மேல், ஒரே டியூப்லைட்டின் கீழ் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பக்கங்களுக்கு நாங்கள் வெறும் எழுத்துப் பதிப்பையே வைத்துக்கொண்டோம்.

ஆடியது அச்சகத்திலேயே, வேலை முடிந்த பிறகு, பைண்டிங் மேசையில். தம்பி நடத்தினான், மெஷின்மேனும் நானும் எதிர்க்கடையில் பிளெக்ஸ் போடும் இன்னொருவரும் ஆடினோம், ஐயா காபியோடு உட்கார்ந்து பார்த்தார். மெஷின்மேனுக்குக் கிடைத்த பாத்திரம் படையிலிருந்து ஓடிவந்த, கோரைப்பல் முளைத்த ஒருவன். தொடக்கத்தில் கையில் என்ன இருக்கும் என்பதும் பகடையில்தான் விழுகிறது. அவருக்குக் குரங்குகள் விழுந்தன: உங்களைச் சட்டை செய்யாத, ஆனால் உங்கள்மேல் அன்புள்ள குரங்குகள் என்று புத்தகம் சொல்கிறது. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போய்வருகிற மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிரவே அவருடைய பாத்திரம் கல்லறை மேடு ஒன்றில் செத்துப்போனது. குரங்குகள் மட்டும் பிழைத்தன. அடுத்த பாத்திரத்தை அவர் தேநீர் ஆறுவதற்குள் உருவாக்கிவிட்டார். பாத்திரத்தை வளர்த்து வளர்த்துக் காப்பாற்றும் ஆட்டங்களில் சாவு ஒரு நஷ்டம். இங்கே அது ஒரு தாளைத் திருப்புவது மாதிரிதான்.

இந்த ஆட்டத்தின் உயிர்நிலை அதன் நாட்காட்டியில் இருக்கிறது. உலகம் முடியப்போகிறது என்று இரட்டைத்தலை பாசிலிஸ்க் நாகம் உரைத்த தீர்க்கதரிசனங்களை அந்த உலகத்தார் நம்புகிறார்கள், அவை பலிக்கவும் செய்கின்றன. ஆட்டத்திற்குள் ஒவ்வொரு விடியலிலும் நடத்துபவர் ஒரு பகடையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் ஒரு துயரம் நிகழும். நெடுங்காலம் ஆட விரும்புவோர் நூறு பக்கப் பகடையை எடுக்கலாம். சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் பத்து, ஆறு, இரண்டு வரையும் இறங்கலாம். ஏழாவது துயரம் எப்போதும் ஒன்றே: உலகம் முடிகிறது, ஆட்டமும் முடிகிறது, புத்தகத்தை எரித்துவிடுங்கள் என்கிறது புத்தகம். (விலையை நினைத்து அதை யாரும் செய்யப்போவதில்லை.) தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சிலிர்ப்பு உண்டு. வீட்டின் நடுமுற்றமான வளவில் பித்தளைக் கட்டையை உருட்டும் ஆச்சிமார்கள் ஒன்று விழ வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், ஆட்டம் தொடங்கும். இங்கே அதே ஒன்று விழக்கூடாது என்று எல்லோரும் மூச்சைப் பிடிக்கிறார்கள். முதல் தடவை ஒன்று விழுந்தபோது பிளெக்ஸ்காரர் பழக்க தோஷத்தில் "தாயம்!" என்று கத்திவிட்டார்.

ஐயா வழக்கம்போல, இதெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே உள்ளதுதான் என்றார். தவறில்லை. கலிங்கத்துப்பரணியில் காளி கோயிலும், பசித்த பேய்களும், போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு அவை கூழ் சமைப்பதும் இந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்துக்கும் இளைத்தவை அல்ல. காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடலையைப் பாடும்போது வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் நீண்ட பல்லுமாக எழுப்பும் பேய்மகளை நோரிடம் கொடுத்தால் அவர் அப்படியே வரைந்துவிடுவார். ஆனாலும் ஐயாவோடு ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பரணியின் கோரம் குலோத்துங்கனின் வெற்றிக்காக வருகிறது. அம்மையாரின் கோரம் ஆடும் இறைவனின் காலடியில் போய் நிற்கிறது. சுவீடன்காரர்களின் கோரத்துக்கு அப்படி யாரும் இல்லை. வாழ்த்த அரசனும் இல்லை, அடைக்கலமாக அடியும் இல்லை. அந்த வெறுமையோடு சிரித்துக்கொண்டே ஆட முடிவதுதான் இதன் கவர்ச்சி என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மெட்டல் இசையின் கதையை இங்கே சேர்க்காமல் இருக்க முடியாது. ஏனென்றால் இந்தப் புத்தகம் தன்னை ஒரு டூம் மெட்டல் இசைத்தட்டாகவே எண்ணிக்கொள்கிறது. தம்பி ஆட்டத்தின்போது அந்த இசையை ஓடவிடுவான். மெதுவாக, கனமாக, ஆழத்திலிருந்து வரும் கிடார் ஒலி. எனக்குப் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவன் சொன்னபோது மெஷின்மேன் எழுந்து உட்கார்ந்தார். பிளாக் சப்பாத் இசைக்குழுவின் டோனி அயோமி, பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில், பதினேழு வயதில், வேலையின் கடைசி நாளில் இயந்திரத்தில் கைகொடுத்து வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அவர் இடக்கைப் பழக்கக்காரர். கிடாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைக் கட்டினார், பின்னர் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். தளர்ந்த தந்தியிலிருந்து ஒலி கீழே இறங்கியது. 1970-இல் வந்த அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்துதான் இந்த இசை மரபே தொடங்குகிறது என்பார்கள். கட்டிங் மெஷினில் விரல் நுனியைக் கொடுத்தவர்கள் எங்கள் தொழிலில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மெஷின்மேன் தன் இடக்கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டு, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையி தம்பி" என்றார்.

இப்போது தம்பி இந்த ஆட்டத்துக்குத் தமிழில் ஒரு சாகசம் எழுதிக்கொண்டிருக்கிறான். சில நிபந்தனைகளோடு யார் வேண்டுமானாலும் துணைப் படைப்பு வெளியிட உரிமம் உண்டு. இவ்வகை ஆட்டங்களில் வழக்கமாக வரும் நிலவறைக்குப் பதிலாக அவன் எடுத்துக்கொண்டது பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டிநாட்டு வீடு. யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான வரைபடம் கிடையாது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நேர்கோட்டில் நீளும் வீடு. ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு, சாவிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் பிரிந்து கிடக்கின்றன. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு மட்டும் எல்லோரும் கூடித் திறக்கிறார்கள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கே முடங்கிய செல்வத்தோடு பல வீடுகளின் காலமும் முடிந்துபோனது. அதற்குப் பிறகு மிஞ்சியது தேக்குத் தூணும் நிலைக்கதவும் பெல்ஜியம் கண்ணாடியும். அவையும் ஒவ்வொன்றாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அவனுடைய விதி இது: விடியலில் ஒன்று விழுந்தால் வீட்டின் ஒரு பகுதி பிரித்து விற்கப்படும். முதல் தடவை தூண்கள், அடுத்து கதவுகள், அடுத்து ஆத்தங்குடித் தரை. வரைபடத்திலிருந்து அந்த அறையைக் கறுப்பு மையால் அடித்துவிட வேண்டும். உள்ளே யார் இருந்தாலும் இருந்ததுதான். ஏழாவதில் வெறும் மனை மட்டும் மிஞ்சும். முதல் படியைப் படித்ததும் ஐயா பேய்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார். வாரிசுகள் போதும் என்பது அவர் கருத்து. நான் அட்டவணைகளைப் பத்துப் பாயிண்ட் எழுத்துக்குக் கீழே போக விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அட்டைக்கு மஞ்சள் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம். சுண்ணாம்பின் வெள்ளையும் பழைய அரக்குச் சிவப்பும் போதும், இரண்டே பிளேட்டில் முடிந்துவிடும். வளவின் வரைபடத்தை நடுப்பக்கத்தில் விரித்துவைப்பதா, அட்டையின் உள்பக்கத்தில் அச்சிடுவதா என்பதில்தான் இழுபறி. அடித்து அடித்துக் கறுப்பாக்க வேண்டிய பக்கம் என்பதால் நடுவில், மேப்லித்தோ தாளில் வர வேண்டும் என்கிறான் அவன்; ஆர்ட் பேப்பரில் பேனா மை காயாது என்பது உண்மைதான்.