அம்புக்குறி இல்லாத வீடியோ

செல்போன்தான் நாகரிகத்தைக் கெடுத்தது என்பவர்கள் 1991 டிசம்பரை மறந்துவிடுகிறார்கள். காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது யார் கையில் வாட்ஸ்அப் இருந்தது? பகை பழசு. வேகம்தான் புதுசு.

2018 மே மாதம் பெங்களூர் சாமராஜபேட்டையில் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி ஒருவரை அடித்தே கொன்றார்கள். அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி விடும் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டார்கள்!

அதன் பிறகே இந்தியாவில் ஒரு தடவைக்கு 5 சாட் என்று ஃபார்வர்டைக் குறைத்தது வாட்ஸ்அப். 2020 ஏப்ரலிலிருந்து பலமுறை ஃபார்வர்ட் ஆகி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தி ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு மட்டும்தான் போகும். ஓட்டை எங்கே என்றால், டவுன்லோட் செய்து புதிதாக ஏற்றினால் அம்புக்குறியே வராது. அதனால் குறி இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

காவிரிப் பிரச்சினை சூடாகும்போது வரும் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கடைப் பலகை, பஸ், சீருடை தெளிவாகத் தெரியும் இடங்களில் மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். கைகலப்பில் மங்கிய ஃப்ரேம் உதவாது. வாய்ஸ் நோட்டுக்கு இந்த வழியே கிடையாது. அதில் ஆள் பெயரும் ஏரியாவும் இல்லையென்றால் அங்கேயே அழித்துவிடுங்கள்.

குடியிருப்பு, தமிழ்ச் சங்க குரூப் அட்மின்களுக்கு: பதற்றமான நாளில் செட்டிங்ஸில் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று மாற்றி வையுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை. மறுநாள் திறந்துவிடலாம்.