இடம் மாறிய கொம்பு: ஓர் ஈமாக்ஸ் நாட்குறிப்பு

2025 ஜூலை 5, சனி, உவர்மலை, திருகோணமலை

கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் மருமகன் இன்று மத்தியானம் கச்சான் காற்றின் வெக்கையில் மடிக்கணினியுடன் வந்து சேர்ந்தான். திருக்கடலூர் மீனவர்களிடம் கேட்டு எழுதிய காற்றுப் பெயர்களையும் கடல் வழக்குகளையும் அவன் ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பு நிரலில் தட்டெழுதி வருகிறான். உபுண்டு 24.04 இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, ஈமாக்ஸ் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் தன்னுடைய பழைய அமைவுக் கோப்புகளோடு நண்பன் ஒருவனின் ஆயத்த அமைவையும் சேர்த்த பிறகு தமிழ் எழுத்துகள் குலைந்துவிட்டன என்பதே அவனுடைய முறைப்பாடு.

திரையைப் பார்த்தேன். ‘கச்சான்’ ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. ‘வாடை’யில் இணைக்கொம்பு டகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றது. ‘கொண்டல்’, ‘சோழகம்’ இரண்டையும் வாசிக்கவே முடியவில்லை.

“எழுத்துருவிலதான் பிழை மாமா, வேறொன்று போட்டுப் பாப்பம்” என்றான். ஏற்கெனவே பல எழுத்துரு வரிகளைத் தன் அமைவுக் கோப்பில் எழுதியும் வைத்திருந்தான். நான் அவற்றைத் தொடாமல், கட்டளைகளைத் தட்டெழுதும் முனையத்தில் ‘ஈமாக்ஸ்’ என்ற கட்டளையோடு இணைகோடும் பெரிய ‘கியூ’ எழுத்தும் சேர்த்துத் தொடங்கினேன். அப்படித் தொடங்கினால் பயனரின் அமைவும் படிக்கப்படாது, கணினி முழுவதற்கும் பொதுவான அமைவும் படிக்கப்படாது. அதே கோப்பைத் திறந்தபோது நான்கு காற்றுகளும் பிழையின்றித் தெரிந்தன. ஆகவே எழுத்துருவிலும் குற்றமில்லை, எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் நூலகத்திலும் குற்றமில்லை. அமைவுக் கோப்புகளுக்குள் இருக்கும் ஏதோ ஒரு வரிதான் இதைச் செய்கிறது.

2025 ஜூலை 6, ஞாயிறு

பிழைச் செய்தி எதுவும் வராத இத்தகைய கோளாறுக்குப் பாதிப்பாதியாகப் பிரித்துத் தேடுவதே எனக்கு நம்பிக்கையான வழி. கோப்பின் ஒரு பாதியைக் இயங்காத குறிப்புரையாக மாற்றிவிட்டு ஈமாக்ஸைப் புதிதாகத் தொடங்க வேண்டும். கோளாறு தொடர்ந்தால் அது மற்றப் பாதியில் இருக்கிறது. பிறகு அந்தப் பாதியை மறுபடியும் பிரிக்க வேண்டும். ஆயிரம் வரிக் கோப்பானாலும் பத்துச் சுற்றில் ஒரு வரிக்கு வந்துவிடலாம்.

ஆனால் மருமகனின் அமைவுக் கோப்பான ‘இனிட்.இஎல்’லில் எந்தப் பாதியை மறைத்தாலும் எதுவும் மாறவில்லை. முழுவதையும் மறைத்தபோதும் அதே திரைதான். கோப்பு படிக்கப்படவே இல்லை என்பது அப்போதே தெளிவாயிற்று. கொன்ட்ரோல்-எச், அடுத்து வி என்று அழுத்தி, படிக்கப்பட்ட அமைவுக் கோப்பைச் சொல்லும் ‘யூசர்-இனிட்-ஃபைல்’ என்னும் மாறியின் மதிப்பைக் கேட்டோம். நேராகவே விடை வந்தது: இல்லக் கோப்புறையில் நண்பனிடமிருந்து வந்த ‘.ஈமாக்ஸ்’ என்ற மறைகோப்பு இருந்தது. அது அங்கே இருக்கும்வரை, ‘.ஈமாக்ஸ்.டி’ கோப்புறைக்குள் உள்ள ‘இனிட்.இஎல்’லை ஈமாக்ஸ் தேடிப் போகாது. மருமகன் சேர்த்த எழுத்துரு வரிகளில் ஒன்றுகூட இயங்கவில்லை. அமைவைத் திருத்த உட்காரும் எவரும் முதலில் இந்த மாறியைக் கேட்க வேண்டும் என்பது என்னுடைய உறுதியான கருத்து. எது படிக்கப்பட்டது என்பதை ஈமாக்ஸே சொல்லும்போது நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

2025 ஜூலை 9, புதன்

மாலையில் வேலை முடிந்து வந்ததும் நண்பனின் ‘.ஈமாக்ஸ்’ கோப்பைப் பிரித்தோம். தேடல் வேறொரு கோப்பை ஏற்றும் ஒரே ஒரு வரியில் வந்து நின்றது: வேகத்தைக் கூட்டுவதற்கென அவன் தனியே எழுதி வைத்திருந்த சிறு கோப்பு. அதனுள்ளே ‘குளோபல்-ஆட்டோ-கொம்போசிஷன்-மோட்’ நிறுத்தப்பட்டிருந்தது.

யூனிகோடில் ‘கொ’ என்பது முதலில் ககரம், பிறகு ஒகர உயிர்க்குறி என்ற வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது. கொம்பை ககரத்துக்கு முன்னாலும் அரவைப் பின்னாலும் வைப்பது திரையில் காட்டும் நேரத்தில் நடக்கும் வேலை. ஈமாக்ஸ் 27 முதல் அந்த வேலைக்கு ஹார்ஃப்பஸைப் பயன்படுத்த முடிகிறது. எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் இந்த முறைமையை நிறுத்தினால், குறிகள் சேமித்த வரிசைப்படியே ஒன்றன்பின் ஒன்றாக விழும். கச்சானில் அரவும் புள்ளியும் மட்டுமே இருப்பதால் அது தப்பியது. ஆங்கிலமும் நிரலும் மட்டும் எழுதுகிறவருக்கு இந்த நிறுத்தத்தால் பெரிய இழப்பு எதுவும் தெரியாது. மிக நீண்ட வரிகள் உள்ள கோப்புகளில் சிறிது வேகம் கிடைக்கவும் கூடும். ஆனால் தமிழ் எழுதுகிறவருக்கு இது எழுத்தையே பறித்துவிடுகிறது. அமைவு வரிகளைப் பிறருக்குக் கொடுப்பவர்கள், ஒரு வரி எதைத் தருகிறது என்பதோடு எதை எடுத்துவிடுகிறது என்பதையும் அதன் அருகிலேயே எழுதி வைக்க வேண்டும்.

அந்தச் சிறு கோப்பிலிருந்து நிறுத்தும் வரியை அழித்தோம். கோளாறு போகவில்லை!

2025 ஜூலை 10, வியாழன்

ஈமாக்ஸ் தன் செய்திகளை எழுதும் ‘மெசேஜஸ்’ இடையகத்தில் (ஈமாக்ஸ் உரையைத் திறந்து வைக்கும் இடம்தான் இடையகம்) காரணம் எழுதப்பட்டே இருந்தது: மூலக் கோப்பு தொகுத்த கோப்பைவிடப் புதியது, ஆயினும் பழையதே பயன்படுத்தப்படுகிறது. பக்கத்திலிருந்த, முன்பே தொகுத்து வைத்த ‘இஎல்சி’ கோப்பை நீக்கினோம். கொண்டலும் சோழகமும் உடனே ஒழுங்காயின. இனி இப்படி நேராதிருக்க இரண்டில் புதியதையே ஏற்றச் சொல்லும் ‘லோட்-பிரிஃபர்-நியூவர்’ மாறியை, மற்றக் கோப்புகள் ஏறுவதற்கு முன்பே இயங்கும்படி, முதல் வரியாக இட்டோம்.

2025 ஜூலை 12, சனி

நண்பனின் கோப்பிலிருந்து தேவையான வரிகளை மட்டும், ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று உதவிப் பக்கத்தில் படித்துப் பார்த்து, ‘இனிட்.இஎல்’லுக்கு மாற்றினோம், ‘.ஈமாக்ஸ்’ கோப்பு வேறிடத்துக்குப் போயிற்று. அப்போது இன்னொன்று வெளிப்பட்டது. வரிநீளத்தை 60 ஆக்க மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் ‘செட்கியூ’ கொண்டு எழுதிய வரி சரியாகவே இயங்கியும், புதிய கோப்புகளில் வரி 70இலேயே மடிந்தது. வரிநீளத்தைக் குறிக்கும் ‘ஃபில்-கொலம்’ ஒவ்வோர் இடையகத்துக்கும் தனியான மதிப்பு ஏற்கும் மாறி. அமைவு படிக்கப்படும்போது எந்த இடையகம் நடப்பில் உள்ளதோ அதற்கு மட்டுமே 60 போய்ச் சேர்கிறது. மற்றவை இயல்பு மதிப்பான 70ஐக் கொள்கின்றன. இயல்பு மதிப்பையே மாற்றும் ‘செட்கியூ-டிஃபால்ட்’ என்று மாற்றியதும் தீர்ந்தது. தாவல் அகலத்துக்கும் இதே விதிதான்.

முனையத்துக்குள் ஈமாக்ஸைத் திறந்தால் கொம்பு மறுபடியும் பிசகுகிறது என்று இரவு தொலைபேசியில் சொன்னான். அங்கே எழுத்துருவைத் தேர்ந்து வரைவது முனைய நிரலே, எங்கள் ‘இனிட்.இஎல்’ அந்த வேலைக்குள் போவதில்லை. காற்றுப் பெயர்க் கோப்பை வரைகலைச் சாளரத்திலேயே திறக்கும்படி கூறினேன்.