வாழ்ந்து போதீரே: திருவாரூரில் ஒரு மாலை

சுவாமியோடு சண்டை போட்டவர்களுக்குத் திருவாரூரில் பஞ்சமே இல்லை. விறன்மிண்ட நாயனார் சுவாமியையே ஒதுக்கி வைத்தார். சுந்தரர் சுவாமியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். சுந்தரரின் மனைவி பரவை நாச்சியாரோ தூது வந்தவரைத் திருப்பி அனுப்பினார். தூது வந்தவரே சுவாமிதான். இத்தனையும் வாங்கிக்கொண்டு பூவுக்குள்ளும் பட்டுக்குள்ளும் முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிறார் தியாகேசர். அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஆரூருக்குப் போனேன். பாதம் பார்க்க ஆசைப்பட்டால் மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான் வரவேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு பாதம்தான்.

தஞ்சாவூரிலிருந்து ரயிலில் போய் இறங்கியபோது உச்சி வேளை, நடை சாத்தியாகிவிட்டது. சரி, நடை திறக்கும்வரை கமலாலயக் குளக்கரையில் உட்காரலாம் என்று போனேன். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஊரில் ஒரு கணக்குச் சொல்வார்கள். 'அஞ்சணை வேலி ஆரூர்' என்று அப்பரே பாடியிருக்கிறார். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர் என்று பெருக்கிப் பார்த்தால் குளம் மட்டும் 33 ஏக்கருக்கு மேல் வருகிறது. நடுவில் நாகநாதர் கோயில், அதற்குப் படகில்தான் போகவேண்டும். வெயிலில் எதிர்க்கரை மங்கலாகத் தெரிந்தது.

ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, அதை நிஜமாகவே செய்தவர் சுந்தரர். செய்த இடம் இந்தக் குளம். திருமுதுகுன்றத்தில், இன்றைய விருத்தாசலத்தில், சுவாமி கொடுத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று. சுந்தரர் வந்து தண்ணீரில் இறங்கித் தடவுகிறார், கரையில் நிற்கும் பரவை சிரிக்கிறார். கடைசியில் பொன் கிடைத்தது, ஆனால் மாற்றுக் குறைவாக இருந்ததாம். அதற்கும் ஒரு பாட்டுப் பாடித்தான் சரிசெய்தார். பொன்னை உரசிப் பார்த்துத் தந்தவர் என்று மாற்றுரைத்த பிள்ளையார் கரையில் இன்னமும் இருக்கிறார். சுவாமி கொடுத்த பொன்னையும் மாற்றுப் பார்த்து வாங்கிய ஊர் இது.

நடை திறந்ததும் மேலக் கோபுரம் வழியாக உள்ளே போய் முதலில் கமலாம்பாள் சன்னதிக்குப் போனேன். மற்ற சிவாலயங்களில் அம்பாள் சுவாமிக்குப் பக்கத்தில் நிற்பாள். இவளோ தனிக் கோயிலில், காலை மடக்கி யோகத்தில் அமர்ந்திருக்கிறாள். பிராகாரத்தில் அட்சர பீடம், 51 எழுத்துகளுக்கும் அதுவே இடம்.

முத்துசுவாமி தீட்சிதரின் கமலாம்பா நவாவரணக் கிருதிகள் பிறந்த இடமும் இதுதான். ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களுக்கு, அதாவது சுற்றுகளுக்கு, ஒன்பது கிருதிகள், முன்னால் தோடியில் ஒரு தியானம், முடிவில் ஸ்ரீராகத்தில் ஒரு மங்களம். ஆனந்தபைரவியில் தொடங்கி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, சகானா, கண்டா என்று போய் ஆகிரியில் சேர்கிறது. முதல் எட்டுக் கிருதிகளுக்கும் சமஸ்கிருதத்தின் எட்டு வேற்றுமைகளை ஒவ்வொன்றாகப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, ஒன்பதாவதில் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார். ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பாட்டுக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஆகிரியைத்தான் உச்சியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார் தீட்சிதர்.

சன்னதியில் கூட்டம் இல்லை. ஒரு பாட்டி தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தன் பேத்திக்கு 'கமலாம்பா சம்ரக்ஷது மாம்' பல்லவியைச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். பேத்தி 'மாம்' என்ற இடத்தில் மூச்சை விட்டுவிட, "இழுடீ, அம்பாளைக் கூப்பிடறே, பஸ்ஸையா கூப்பிடறே?" என்று தொடையில் தட்டினார். நான் சிரித்ததைப் பார்த்துப் பாட்டியும் சிரித்துவிட்டார்.

தீட்சிதருக்குக் கணக்கில் பைத்தியம் என்றே சொல்லலாம். இதே ஆனந்தபைரவியில் தியாகேசர் மேல் அவர் செய்த கிருதியைப் பாருங்கள். 'த்யாகராஜ யோக வைபவம்' என்று எடுக்கிறார். அடுத்து 'அகராஜ யோக வைபவம்', பிறகு 'ராஜ யோக வைபவம்', 'யோக வைபவம்', 'வைபவம்', 'பவம்', 'வம்' என்று தலைப்பக்கம் தேய்ந்துகொண்டே வருகிறது. பசுவின் வால் நுனிபோலக் குறுகுவதால் இதற்குக் கோபுச்ச யதி என்று பெயர். இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைத்திருப்பவர்கள் ஒருமுறை தியாகேசர் முன்னால் நின்று கேட்கவேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிக் கடைசியில் ஒரே எழுத்தோடு அவர் முன்னால் போய் நிற்கிற மாதிரி இருக்கும்.

கீழக் கோபுரத்தை ஒட்டிய வெளிப் பிராகாரத்தில் தேவாசிரிய மண்டபம். ஆயிரங்கால் மண்டபம் என்றும் சொல்வார்கள். அடியார்கள் கூடியிருந்த இந்த மண்டபத்தைத் தாண்டித்தான், அவர்களை வணங்காமல் நேரே சுவாமியிடம் போனார் சுந்தரர். விறன்மிண்டருக்கு வந்ததே கோபம்! அடியார்களை மதிக்காத அவனும் நமக்குப் புறம்பு, அவனை ஏற்றுக்கொண்ட சிவனும் நமக்குப் புறம்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தக் கோபம் இல்லையென்றால் திருத்தொண்டத்தொகை இல்லை. சுவாமியே 'தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்' என்று முதலடி எடுத்துக் கொடுக்க, சுந்தரர் 11 பாட்டில் தனியடியார் 60 பேரையும் தொகையடியார் 9 கூட்டத்தாரையும் பாடி முடித்தார். அதை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் 4,000க்கும் மேற்பட்ட பாடல்களில் பெரிய புராணமாக எழுதினார். நாம் இன்று அறுபத்து மூவர் உற்சவம் பார்ப்பதற்கெல்லாம் வித்து, இந்த மண்டபத்து வாசலில் ஒருவருக்கு வந்த கோபம்.

அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஓவியங்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்கிறார்கள். வரைந்தவர் சிங்காதனம் என்ற ஓவியர், தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். கதை முசுகுந்தச் சக்கரவர்த்தியுடையது. குரங்கு முகம், அதன்மேல் ராஜ கிரீடம், உடம்பு முழுக்க நகை. இந்திரனிடமிருந்து தியாகேசரை வாங்கிவரப் போகிறார். கொடுக்க மனமில்லாத இந்திரன் அச்சு அசலாக ஒரே மாதிரி ஏழு மூர்த்தங்களை வரிசையாக வைத்து, எது அசல் என்று கண்டுபிடி என்கிறான். முசுகுந்தர் சரியாகத் தொட்டுவிட, ஏழையும் கொடுத்துவிடுகிறான். அந்த ஏழும் இருக்கும் ஊர்கள்தான் சப்த விடங்கத் தலங்கள் ஆயின. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். படம் பார்த்துக் கதை சொல்கிற வேலையைச் சிங்காதனம் பார்வையாளரை நம்பி விட்டுவிடவில்லை.

என் கண் போய் நின்றது திருவிழாக் காட்சியில். ஆடுகிற பெண்கள், மேளம், வாண வேடிக்கை. புராண காலத்து ராஜா ஊர்வலம் போகிறார், மேலே வாணம் வெடிக்கிறது! தன் காலத்துத் திருவாரூர்த் திருவிழாவை அப்படியே தூக்கித் தேவலோகத்தில் வைத்துவிட்டார் ஓவியர். நிறம் சில இடங்களில் உதிர்ந்து சுண்ணாம்பு தெரிகிறது. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

மாலைப் பூஜையான சாயரட்சைக்கு மணி அடித்தது. திருவாரூர் சாயரட்சைக்குத் தேவர்கள் எல்லாரும் வருகிறார்கள் என்பது நம்பிக்கை, அன்று மனிதர்களும் நிறையவே வந்திருந்தார்கள். இந்த ஆலயம் எத்தனை பழையது என்று யாராவது கேட்டால் அப்பரைத்தான் காட்டவேண்டும். அவர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. அவரே 'ஒருவனாய் உலகேத்த நின்ற நாளோ' என்று தொடங்கி, அந்த நாளிலா, இந்த நாளிலா, நீ திருவாரூரைக் கோயிலாகக் கொண்டது எந்த நாளில் என்று சுவாமியிடமே கேட்கிறார். ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. அரசரும் அவருக்கு நெருக்கமான அணுக்கியார் பரவை நங்கையாரும் (சுந்தரரின் பரவை அல்ல, இவர் வேறு) நின்று கும்பிட்ட இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைத்த செய்தி அதில் வருகிறது. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நின்றபோது, அந்த விளக்கு எங்கே இருந்திருக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திரை விலகியது. முகம் மட்டும். திருமால் தன் நெஞ்சில் வைத்துப் பூஜித்தபோது அவர் மூச்சு ஏற ஏற, இறங்க இறங்க இவர் ஆடினார் என்பார்கள். சத்தமில்லாத அந்த ஆட்டத்துக்கு அஜபா நடனம் என்று பெயர். ஓதுவார் 'மீளா அடிமை'யை எடுத்தார். அப்புறம் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

அந்தப் பதிகத்தின் பின்னணி தெரிந்தால்தான் அதன் சூடு புரியும். திருவொற்றியூரில் தன் இரண்டாவது மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பிய சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சிபுரத்தில் ஒரு கண் கிடைத்தது. ஒற்றைக் கண்ணோடு ஆரூர் வந்து நிற்கிறார். கெஞ்சுவார் என்றுதானே நினைப்போம்? 'விற்றுக் கொள்வீர், ஒற்றி அல்லேன்' என்கிறார். நான் அடகுப் பொருள் இல்லை, உனக்கே முழுசாக ஆனவன், வேண்டுமானால் விற்றுக்கொள் என்று இரண்டாவது பாட்டிலேயே உரிமைக்காரனாகப் பேசுகிறார். குற்றம் ஒன்றும் செய்யவில்லை, என் கண்ணைப் பறித்து நீர்தான் பழி தேடிக்கொண்டீர் என்கிறார். சத்தியத்தை மீறிய ஆள், வழக்கையே திருப்பிப் போடுகிறார்! முடிவில், 'மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே'. இன்னொரு கண்ணைத் தராவிட்டால் போங்கள், நீங்களாவது நன்றாக இருங்கள். வயிறு எரிந்து ஒருவரை வாழ்த்துவது எப்படி என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அதே தொனிதான். தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த பதிகம் இது ஒன்றுதான். கண்ணும் கிடைத்தது.

தீட்சிதரை மதிக்கிறேன், ஆனால் எனக்குச் சுந்தரர்தான் நெருக்கம். தீட்சிதரின் பாட்டில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது. சுந்தரரிடம் சண்டைக்கு நடுவே நாமும் புகுந்து ரெண்டு வார்த்தை பேசலாம்.

வெளியே வந்து சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த இடங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, தீட்சிதர் 1775. ஒரே ஊரில், 13 வருஷத்துக்குள். சாஸ்திரி தஞ்சாவூருக்கும் தியாகராஜர் திருவையாற்றுக்கும் போய்விட்டார்கள். தீட்சிதர் ஊர் ஊராகச் சுற்றி 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் சமாதியானார். மூன்று பேரும் ஊரில் தங்கவில்லை. ஆனாலும் தியாகராஜர் இந்த ஊர்ச் சுவாமியின் பெயரைக் கடைசிவரை சுமந்தார்.

கீழவீதியில் ஆழித்தேர் நிற்கிறது. அலங்காரத்தோடு 96 அடி என்பார்கள். 1926இல் எரிந்துபோய், புதிதாகச் செய்து 1930இல் மறுபடி ஓடியதாம். 'ஆழித்தேர் வித்தகனை நான்கண்டது ஆரூரே' என்று அப்பர் பாடிய தேரின் வாரிசு. இப்போது இரும்பு அச்சும் பிரேக்கும் வந்துவிட்டாலும் திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கைதான் தேரைத் திருப்புகிறது. பரவையின் கோபத்தை ஆற்ற நடுராத்திரியில் தியாகேசர் இரண்டு தடவை தூது நடந்ததும் இந்த ஊர் வீதிகளில்தான். முதல் தடவை முடியாது என்று அனுப்பிவிட்டார் பரவை.

வாசலில் பூ விற்ற அம்மாவிடம் முழம் பூ வாங்கிக்கொண்டே, இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் சுவாமியிடம் இப்படித்தான் பேசுவீர்களா என்று கேட்டேன்.

"பின்னே? 'திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்'னு சுந்தரரே பாடிட்டாரு. நான் இங்கயே பொறந்தவ. கணக்குப் பார்த்தா அவரு எனக்கும் அடியாருதான்" என்றார். சொல்லிவிட்டு, முழத்தைக் கொஞ்சம் தாராளமாக அளந்து கொடுத்தார்.