மைக் செட் இல்லாத மைதானம்

ரிஷப் பந்த் அவுட் ஆனதை நான் பார்க்கவில்லை. மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு ஊறுகாய் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஒரே கூச்சல். நிமிர்ந்தால் பந்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கிறார். யார் பிடித்தது, எங்கே பிடித்தது? சொல்ல ஆளில்லை. பெரிய திரையில் திரும்பக் காட்டினார்கள். பின்பக்கம் தூக்கப் பார்த்து ஆஸ்திரேலியாவின் நேதன் லயன் கையில் கொடுத்திருக்கிறார். அதுவும் ஊமைப்படம்.

2024 டிசம்பர் 28, மெல்போர்ன் மைதானம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பாக்ஸிங் டே டெஸ்டில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய மூன்றாம் நாள். 80,000 பேருக்கு மேல் கூட்டம். நாங்கள் மூன்று பேர், மூவரும் பழைய தர்மபுரி ஜில்லா. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதை வைத்து "பாகம் பிரிச்சுக்கிட்டு போனவன்தானே நீ" என்று பாலக்கோட்டு நண்பன் இன்னும் என்னைக் குத்துவான்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். டிசம்பரில் மாம்பழம் வருவதுகூட இப்போது உறுத்துவதில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் "எந்த ஊர்?" என்று கேட்டபோது யோசிக்காமல் "பெங்களூர் பக்கம்" என்றேன். கிருஷ்ணகிரியை விளக்க ஆரம்பித்தால் ஒரு ஓவர் போய்விடும். அவர் காதில் குட்டி ரேடியோ. வர்ணனையைக் கேட்டுக்கொண்டே ஆட்டம் பார்க்கிறார். எனக்கு வந்ததே பொறாமை!

எங்கள் ஊரில் பொங்கல் லீவில் ஏரிக்குள் டோர்னமென்ட் நடக்கும். தண்ணீர் வற்றிய ஏரி, டென்னிஸ் பந்து, புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். ஆட்டக்காரர்கள் பேர் யாருக்கு ஞாபகம்? மைக் பிடித்த அண்ணனின் குரல்தான் இன்னும் காதில் நிற்கிறது. "பந்து மாந்தோப்புக்குள்ள போயிருச்சு, காவக்காரத் தாத்தா கோபப்படாம எடுத்துத் தரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்." "பவுண்டரி லைன்ல நிக்கிற டூவீலரை எடுங்க, அது ஃபீல்டர் இல்ல." கேட்ச் விட்டவனின் மாமனார் ஊர் வரைக்கும் சொல்லி மானத்தை வாங்குவார். களி தின்றுவிட்டு வீட்டில் படுத்திருக்கும் கிழவிக்கும் ஸ்கோர் தெரியும்.

இங்கே வாஷிங்டன் சுந்தர் 162 பந்து நின்று 50 அடித்தார். அதில் ஒரே ஒரு ஃபோர். அண்ணன் மட்டும் இருந்திருந்தால் "தம்பிக்கு ஒரு கயித்துக் கட்டில் கொண்டாந்து போடுங்கப்பா" என்றிருப்பார். நம்ம சென்னைப் பையன் தூண் மாதிரி நிற்கிறான், அதைத் தமிழில் நாலு வார்த்தை சொல்ல ஒரு நாதியில்லை. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மனசு என்னவோ ஏரிக்கரையில்தான் இருந்தது.

அப்புறம் நிதிஷ் ரெட்டி 99-ல் மறுமுனையில் நிற்க, பும்ரா அவுட். கடைசி ஆள் சிராஜ். அந்த ஓவரில் இன்னும் மூன்று பந்து. அத்தனை கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. என் மடியில் இருந்த மூடியை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்தான் பாலக்கோட்டான்.

"புளியமரத்து முனையிலிருந்து ஓடி வருகிறார் கம்மின்ஸ். சிராஜு, நீ ரன்னு எடுக்க வேண்டாம் சாமி, குச்சியைக் காப்பாத்து போதும்!"

தடுத்தார். "அரசம்பட்டி தென்னம்பிள்ளை மாதிரி நிக்கிறான் பாருங்க!" இரண்டாவது பந்து, மூன்றாவது பந்து. ஒவ்வொன்றுக்கும் மைதானமே அலறியது. பக்கத்துப் பெரியவர் ரேடியோவைக் காதிலிருந்து கழற்றிவிட்டு இவனைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த ஓவரில் ஸ்காட் போலண்ட் போட்ட பந்தை நிதிஷ் நேராகத் தூக்கி அடித்தார். ஃபோர். நூறு. திரையில் அவர் அப்பா அழுவதைக் காட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது, வெயில் என்று சொல்லவும் வழியில்லை, அன்று மழை மேகம்.

இரண்டு வரிசை முன்னால் இருந்த பையன் திரும்பினான். "அண்ணா, நீங்க எந்த ஊரு?"

"பெங்களூர் பக்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அட, போங்கண்ணா. நான் பர்கூரு. அந்த மைக் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்று ஏறி வந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்தான். "ஊறுகாய் வாசனை வருதே, மிச்சம் இருக்கா?"

இருந்தது. டப்பாவை நீட்டினேன். மூடியை மட்டும் பாலக்கோட்டான் தரவில்லை. இன்னும் ஒரு விக்கெட் பாக்கி இருக்கிறதாம்.