சுழற்சி நின்ற பிறகுதான் வயரைக் கழற்றுவது

இலங்கையில், திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் அத்தான் நடத்தும் ஸ்டூடியோவில் இரண்டு வகை எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன. ஒன்று சட்டைப் பைக்குள் போகிற 2.5 அங்குலம், யூஎஸ்பி வயரிலிருந்தே 5 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மற்றது மேசையில் நிமிர்ந்து நிற்கிற 3.5 அங்குலம், அதற்குத் தனியாக 12 வோல்ட் அடப்டர் வேண்டும். கலியாண வீடியோ, நவராத்திரிக் கும்பம் ஊர்வலம் வந்த வீடியோ எல்லாம் கிடப்பது பெரியதில்தான். நான் மல்லுக்கட்டியதும் அந்தப் பெரியதோடுதான்.

வேலை முடிந்து வலது கீழ் மூலையில் உள்ள சின்ன யூஎஸ்பி படத்தை அழுத்தி இஜெக்ட் (பத்திரமாகக் கழற்றும் கட்டளை) கொடுத்தால், டிஸ்க் இன்னும் பாவனையில் இருக்கிறது, மூட முடியாது என்று விண்டோஸ் சொல்லும். எல்லா ஜன்னலையும் மூடியாகிவிட்டது, கொப்பி பண்ணுவதும் முடிந்துவிட்டது. ஆனாலும் அதே பதில். அத்தானுக்குப் பொறுமை குறைவு. "ஒன்றும் ஆகாது தம்பி, இழு" என்பார்.

அவர் சொல்வதில் பாதி சரி. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, அதாவது 2018 இறுதியிலிருந்து, வெளியிலிருந்து செருகும் டிஸ்க்குகளுக்கு ‘குயிக் ரிமூவல்’ என்ற முறைதான் இயல்பாக வருகிறது. எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கி வைக்காமல் அப்போதைக்கப்போது டிஸ்க்கில் எழுதிவிடும். டிவைஸ் மனேஜரில் டிஸ்க்கின் ‘பொலிசீஸ்’ பக்கத்தில் யாராவது ‘பெட்டர் பெர்போமன்ஸ்’ என்று மாற்றி வைத்திருந்தால் கதை வேறு. அப்போது இஜெக்ட் கொடுக்காமல் இழுக்கவே கூடாது.

மற்றப் பாதி, உள்ளே சுற்றுகிற தட்டைப் பற்றியது. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தரம் சுற்றும் தட்டுக்கு மேலே, சில நனோமீற்றர் உயரத்தில், எழுதுகிற தலை மிதந்துகொண்டிருக்கிறது. முறையாக நிறுத்தினால் தலை நிதானமாக விலகித் தன் இடத்தில் ஏறி உட்காரும். மின்சாரத்தைத் திடீரென்று பிடுங்கினால், தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, அந்த பலத்தில் தலையை அவசரமாக ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும். இதற்கும் சேர்த்துத்தான் டிஸ்க்கைச் செய்கிறார்கள். ஆனால் தினமும் செய்கிற வேலை அது இல்லை.

எத்தனை தரம் அப்படி நடந்தது என்பதை டிஸ்க்கே எண்ணி வைக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சி0 என்று தொடங்கும் வரிசையைப் பாருங்கள்: ‘பவர் ஓப் ரிட்ராக்ட் கவுண்ட்’. அந்த எண் பதினாறின் அடிமானத்தில் காட்டப்படும், செட்டிங்கில் பத்துக்கு மாற்றிக்கொண்டால்தான் நமக்கு விளங்கும். அத்தானின் டிஸ்க்கில் அது நூறை எப்போதோ தாண்டியிருந்தது. காட்டியதும் ஆள் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

அப்புறம், யார் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருந்தது. இதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இஜெக்ட் மறுத்த உடனே, விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவண்ட் வியூவரைத் திறந்து, ‘விண்டோஸ் லொக்ஸ்’ என்பதன் கீழ் ‘சிஸ்டம்’ போனால், ‘கேர்னல் பிஎன்பி’ என்ற பெயரோடு 225ஆம் இலக்கப் பதிவு ஒன்று விழுந்திருக்கும். எந்த மென்பொருள் டிஸ்க்கை விடவில்லை என்று பாதையோடு அதில் எழுதியிருக்கும். எங்களுக்கு வந்தது வீடியோ எடிட்டிங் மென்பொருளின் ஒரு துணை வேலை. பிரதான ஜன்னலை மூடிய பிறகும் பின்னணியில் ஓடி, முன்னோட்டப் பைல்களைப் பிடித்து வைத்திருந்தது. ஓடுகிற வேலைகளைக் காட்டும் டாஸ்க் மனேஜரில் அதை நிறுத்தி, டாஸ்க் மனேஜரையும் மூடிவிட்டு இஜெக்ட் கொடுத்தேன். போனது. டாஸ்க் மனேஜரையும் ஏன் மூட வேண்டும் என்றால், சில வேளை அதுவே டிஸ்க்கை விடாது.

அந்தப் பதிவில் டிஸ்க்கை விடாத வேலையின் இலக்கம் (புரொசஸ் ஐடி) 4 என்று வந்தால் அது விண்டோஸின் சொந்த வேலை, நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மண்டில், இடப்பக்கம் டிஸ்க்கின் பெயர் உள்ள கட்டத்தில் வலது கிளிக் செய்து ‘ஓப்லைன்’ கொடுத்து, பிறகு இஜெக்ட் செய்வேன். அதற்கும் மசியாவிட்டால் கொம்பியூட்டரையே ஷட்டவுன் பண்ணுவது. கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இனிக் கழற்றலாம் என்று விண்டோஸ் சொன்னவுடன் அடப்டரைப் பிடுங்குவது எங்கள் ஸ்டூடியோவில் இப்போது தடை. விண்டோஸ் தன் கணக்கை முடித்ததைத்தான் அது சொல்கிறது; தட்டு அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கலாம். பெட்டியின் தலையில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். எங்கள் பெட்டியில் யூஎஸ்பி வயரைக் கழற்றியதும் சற்று நேரத்தில் ஒரு சின்ன ‘டிக்’, பிறகு இரைச்சல் இறங்கி அடங்கிவிடும். அதன் பிறகே சுவர் சுவிட்ச். இப்படிச் செய்து அடுத்த நாள் சி0 எண்ணைப் பார்த்தேன், ஏறவில்லை. சில பெட்டிகள் யூஎஸ்பி கழற்றினாலும் நிற்காது என்பதால் உங்கள் பெட்டி எப்படி என்று ஒரு தரம் விரல் வைத்துப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் நம் கையில் உள்ளவை. கரண்ட் நம் கையில் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதாவது நேர அட்டவணை இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி தெற்கில் ஒரு உபமின் நிலையத்துக்குள் குரங்கு புகுந்து நாடே இருண்டபோது எந்த அட்டவணையும் இல்லை. இப்படியான நேரத்தில் லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் எல்லாம் பத்திரம் என்று தோன்றும். சுவரில் செருகிய பெரிய டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருந்த பைலோடு நின்றிருக்கும். பைல்களை அடுக்கி வைக்கும் முறை என்டிஎப்எஸ்ஸாக இருந்தால், செய்யும் மாற்றங்களை அது ஒரு பதிவேட்டில் குறித்து வைப்பதால் டிஸ்க்கின் அமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். எக்ஸ்பட் என்ற மற்ற முறைக்கு அந்தப் பாதுகாப்புப் பதிவேடு கிடையாது. அரைகுறையாக எழுதிய வீடியோ இரண்டிலும் அரைகுறைதான், மீண்டும் கொப்பி பண்ண வேண்டும்.

ஆகவே டிஸ்க்கின் அடப்டரை, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பற்றரியில் மின்சாரம் தரும் யூபிஎஸ்ஸில் செருகினோம். ஓடும்போது 3.5 அங்குல டிஸ்க் 10 வோட் அளவுகூட எடுக்காது. கொப்பியை நிறுத்தி ஒழுங்காக இஜெக்ட் பண்ண சாதாரண யூபிஎஸ் தாராளம். இணைய ரவுட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் குட்டி யூபிஎஸ்ஸின் முள்ளும் டிஸ்க்கில் பொருந்துகிறது, அத்தான் அதைச் செருகப் பார்த்தார். தட்டு சுற்றத் தொடங்கும் கணத்தில் 2 அம்பியர் மட்டில் இழுக்கும், அந்தக் குட்டி தாங்காமல் விட்டால் நாமே டிஸ்க்குக்கு மின்வெட்டு வைத்த மாதிரி என்று தடுத்துவிட்டேன்.

ஓப்லைன் வழியாகக் கழற்றியவர்களுக்கு ஒரு விஷயம்: அடுத்த முறை செருகும்போது டிஸ்க் எங்குமே தெரியாமல் இருக்கலாம். டிஸ்க் மனேஜ்மண்டில் அதே இடத்தில் ‘ஒன்லைன்’ கொடுங்கள், வந்துவிடும். ‘போர்மட்’ பண்ணச் சொல்லி யாராவது வந்தால் கையைத் தட்டிவிடுங்கள்.