மார்ச் 9, 1895: நான் எடுக்கச் சொன்ன ஒரு வரி

"சார், ஆனா அந்த ஆட்டத்தை ஆடியிருக்காங்களே?" என்று என் கீழ் வேலை பார்த்த ஒருவர் கேட்டார். "ஆடினாங்க, ஆனா அது செல்லாதும்மா, அந்த ரோவை எடுத்துடு" என்று நான் சொன்னேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பத்து வினாடிகூடக் கடந்திருக்காது. அலுவலகத்தில் ஒரு நாளைக்கு இப்படிப்பட்ட முடிவுகளை இருபது முப்பது எடுக்கிறோம், மறுநாள் ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை. இந்த ஒன்று மட்டும் நிற்கிறது. நான் சொன்னது சரியான பதில் என்றே இன்றும் நினைக்கிறேன். சரியான பதில்தான் என்றால் அது ஏன் என்னை விடாமல் தொடர்கிறது என்பதற்கு விடை தேடியே இதை எழுதுகிறேன்.

பழைய இங்கிலாந்து கால்பந்து லீக்கின் ஆட்ட முடிவுகளை ஒவ்வொரு சீசனாகத் தொகுத்துச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை அது. 1894-95 சீசனின் இரண்டாம் டிவிஷன் அவர் பொறுப்பில் இருந்தது. பதினாறு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற பதினைந்துடன் இருமுறை, ஆக மொத்தம் 240 ஆட்டங்கள். அவருடைய கணினித் தாளில் 241 இருந்தன. சரிபார்ப்பில் பிழை காட்டிய அணிகள் இரண்டு, நியூட்டன் ஹீத்தும் வால்சால் டவுன் ஸ்விஃப்ட்ஸும். லீக்கின் இறுதி அட்டவணையில் நியூட்டன் ஹீத்துக்கு 30 ஆட்டங்கள், 15 வெற்றி, 8 சமன், 7 தோல்வி, அடித்த கோல்கள் 78, புள்ளிகள் 38. அவருடைய கூட்டலில் ஆட்டங்கள் 31, வெற்றி 16, கோல்கள் 92. பதினான்கு கோல்கள் கூடுதல் என்றதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிழை இல்லாத இடத்தில் பிழை காட்டும் ஆட்டம் அது என்பது இந்தத் துறையில் சில ஆண்டுகள் இருப்பவர்களுக்குத் தெரியும்.

1895 மார்ச் 9, சனிக்கிழமை. மான்செஸ்டரின் கிளேட்டன் பகுதியில் இருந்த பேங்க் ஸ்ட்ரீட் மைதானம். பக்கத்திலேயே ரசாயனத் தொழிற்சாலைகள், அவற்றின் புகை ஆடுகளத்தின் மேலேயே கவியும். வந்து சேர்ந்த வால்சால் ஆட்டக்காரர்கள் தரையைப் பார்த்துவிட்டு இறங்கத் தயங்கினார்கள். நடுவரிடம் முறைப்படி புகார் கொடுத்தார்கள். பிறகு, வற்புறுத்தலின் பேரில், ஆடினார்கள். நியூட்டன் ஹீத் 14, வால்சால் 0. புகாரை விசாரித்த லீக், வால்சாலின் பக்கம் நியாயம் இருப்பதாகத் தீர்ப்பளித்து, ஆட்டத்தைச் செல்லாததாக்கி, மறுபடி ஆட உத்தரவிட்டது. ஏப்ரல் 3ஆம் தேதி, புதன்கிழமை, மறு ஆட்டம் நடந்தது. இம்முறை 9-0. அட்டவணையில் இருப்பது அந்த ஒன்பதுதான்.

என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டம் செல்லுமா செல்லாதா என்று தீர்மானிப்பது லீக்கின் உரிமை, பதிவு செய்கிறவனின் உரிமை அல்ல. நாங்கள் வேறு எந்த இடத்திலும் இந்த விதியை மீறியதில்லை. 1962 மார்ச்சில் அக்ரிங்டன் ஸ்டான்லி கிளப் பாதி சீசனில் விலகியபோது, அது அதுவரை ஆடியிருந்த 33 ஆட்டங்களின் முடிவுகளும் நீக்கப்பட்டன. நாங்களும் நீக்கினோம். 1939இல் போர் மூண்டதால் சில ஆட்டங்களோடு நின்றுபோன சீசனையும் சேர்க்காமல் விட்டோம். இந்த ஒரு வரியை மட்டும் வைத்திருந்தால் இன்னொரு பெரிய குழப்பமும் வந்திருக்கும். ஃபுட்பால் லீக் ஆட்டங்களில் மிகப் பெரிய வெற்றி 13-0 என்பது பதிவு, 1934இல் ஹாலிஃபாக்ஸ் டவுனுக்கு எதிராக ஸ்டாக்போர்ட் கவுன்டியும், 1946இல் நியூபோர்ட் கவுன்டிக்கு எதிராக நியூகாசில் யுனைடெட்டும் அதை எட்டின. எங்கள் தாளில் ஒரு 14-0 இருந்திருந்தால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் திரையிலும் ஒரு தவறான சாதனை முதலிடத்தில் நின்றிருக்கும். அதைத் தடுப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் வரியைப் பற்றியது அல்ல என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். அந்த வரியின் ஓரத்தில் அவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். ஆட்டம் நடந்தது, வால்சால் மைதானத்தைப் பற்றிப் புகார் செய்ததால் ரத்தானது, ஏப்ரல் 3 பார்க்க என்ற அளவில் ஒரே ஒரு வாக்கியம். நான் வரியை எடுக்கச் சொன்ன பிறகு, அவர் அந்தக் குறிப்பை மட்டும் கீழே மறு ஆட்டத்தின் வரிக்கு நகர்த்தியிருந்தார். மாலையில் தாளைக் கடைசியாகத் திறந்தபோது அதைப் பார்த்தேன். குறிப்புகள் இருந்தால் பதிவேற்றத்தில் சிக்கல் வரும் என்பது எங்களிடையே எழுதப்படாத வழக்கம். அவரை அழைக்காமல், அவரிடம் சொல்லாமல், நானே அதை அழித்துவிட்டேன். விதிப்படி எடுத்தது வரியை. குறிப்பை எடுத்தது எந்த விதிப்படி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அவர் கேட்டதை நான் எப்படிக் கேட்டுக்கொண்டேன் என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பதினான்கு கோல்கள் வீணாகப் போகின்றனவே என்று அவர் வருந்துவதாகத்தான் அப்போது எடுத்துக்கொண்டேன். கால்பந்தை விரும்புகிறவர்கள் பலரும் அப்படித்தான் வருந்துவார்கள், ஏனென்றால் நியூட்டன் ஹீத் என்பது 1902இல் மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே கிளப். அந்தப் பெயர் வந்துவிட்டால் எல்லோருடைய அனுதாபமும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். உண்மையில் அந்தக் கோல்களை எடுத்ததால் நியூட்டன் ஹீத்துக்கு எந்த இழப்பும் இல்லை. பதினான்காக இருந்தாலும் ஒன்பதாக இருந்தாலும் வெற்றிக்கு இரண்டு புள்ளிகள்தான். சீசன் முடிவில் அது பிடித்த மூன்றாம் இடம் மூன்றாம் இடமாகவே இருந்திருக்கும்.

அந்த மூன்றாம் இடத்துக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும், அவர் அந்தச் சீசனை மிகுந்த அக்கறையோடு படித்திருந்தார். லங்காஷயர் அன்ட் யார்க்ஷயர் ரயில்வேயின் பெட்டிப் பிரிவுத் தொழிலாளர்கள் 1878இல் தொடங்கிய கிளப் அது. 1892இல் நேராக முதல் டிவிஷனில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளும் கடைசி இடத்தில் முடித்தது. முதலாம் ஆண்டு ஸ்மால் ஹீத்தை டெஸ்ட் மேட்ச்சில் வென்று தப்பியது. மேலே தங்குவதா கீழே இறங்குவதா என்பதைத் தீர்க்க இரு டிவிஷன் அணிகளையும் மோதவிடும் ஆட்டத்துக்கு அன்று அதுதான் பெயர். இரண்டாம் ஆண்டு லிவர்பூலிடம் 2-0 எனத் தோற்றுக் கீழே இறங்கியது. ஆகவே 1894-95 அதற்குக் கீழ் டிவிஷனில் முதல் சீசன். அதே டிவிஷனில் ஆர்ட்விக் கிளப்பின் இடத்தில் அப்போதுதான் உருவாகியிருந்த மான்செஸ்டர் சிட்டியும் இருந்தது. இரண்டும் லீக்கில் முதன்முதலில் மோதிய 1894 நவம்பர் 3 ஆட்டத்தில், ஹைட் ரோட்டில், நியூட்டன் ஹீத் 5-2 என வென்றது. சீசன் முடிவில் பரி முதலிடம், நாட்ஸ் கவுன்டி இரண்டாமிடம். ஏப்ரல் 27 அன்று நடந்த டெஸ்ட் மேட்ச்சில் நியூட்டன் ஹீத் ஸ்டோக்கிடம் 3-0 எனத் தோற்று, மேலே ஏறும் வாய்ப்பை இழந்தது. மறுபடி முதல் டிவிஷனுக்குப் போக 1906 வரை காத்திருந்தது.

இந்தக் கதையில் வால்சால் எங்கே? நான் நீக்கியது அவர்களைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் தாளைப் படிக்கிறவருக்கு வால்சால் என்பது ஒரு நாள் மான்செஸ்டருக்குப் போய் ஒன்பது கோல் வாங்கிய அணி, அவ்வளவுதான். அவர்கள் இரண்டு முறை போனார்கள் என்பது அதில் இல்லை. ஆட முடியாத தரை என்று முதலிலேயே சொன்னார்கள், சொன்னதற்குப் பிறகும் ஆடவைக்கப்பட்டார்கள், அவர்கள் சொன்னது சரி என்று லீக்கே ஒப்புக்கொண்டது என்பதும் இல்லை. அந்தச் சீசனில் அவர்களுக்குக் கிடைத்த நியாயம் அந்த ரத்து ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன், ஏனென்றால் அந்த நியாயத்தின் பலனாக அவர்களுக்குக் கிடைத்தது இன்னொரு ஒன்பது கோல் தோல்வி. பதினாறு அணிகளில் பதினான்காவதாக முடித்து, கடைசி இடங்களில் முடித்த அணிகள் நீடிக்கலாமா என்று மற்ற கிளப்கள் வாக்களிக்கும் மறு தேர்தலில் இடத்தை இழந்து, லீக்கைவிட்டே வெளியேறினார்கள். அவர்களுக்குக் கீழே முடித்த இரண்டு அணிகள் லீக்கில் நீடித்தன. 1896இல் வால்சால் என்ற சுருங்கிய பெயரோடு திரும்பி வந்தார்கள்.

அவர் கேட்க வந்தது இதைத்தானோ? "ஆடியிருக்காங்களே" என்ற சொல்லில் ஜெயித்தவர்களைச் சொன்னாரா, தோற்றவர்களைச் சொன்னாரா என்று நான் கேட்டிருக்கலாம். "ஏம்மா, யாரைச் சொல்ற?" என்று ஒரே ஒரு கேள்வி. கேட்கவில்லை. அவர் நகர்த்தி வைத்திருந்த குறிப்பில் வால்சால் என்ற பெயர் இருந்தது, நியூட்டன் ஹீத் என்ற பெயர் இல்லை. அதையும் அழித்த பிறகுதான் கவனித்தேன்.

நேரமில்லை என்று சில காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை அனுப்ப வேண்டிய தாள், மணி மாலை ஐந்து. ஆனால் நமக்கு மாலை ஐந்து என்றால் இங்கிலாந்தில் அப்போது நண்பகல். வாடிக்கையாளர் தரப்பில் எல்லோரும் அலுவலகத்தில்தான் இருந்திருப்பார்கள். நடந்து ரத்தான ஆட்டங்களுக்குத் தனியாக ஒரு பத்தி சேர்க்கலாமா என்று நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கலாம். வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் சொல்லியிருந்தால் அது அவர்கள் முடிவாக இருந்திருக்கும், அவரிடமும் நான் அதைக் காட்டியிருக்க முடியும். நான் எழுதாததற்குக் காரணம் நேரம் அல்ல. 241 என்ற எண் 240 ஆனதும், சிவப்பாக இருந்த கட்டங்கள் எல்லாம் பச்சையானதும், எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதைக் கலைக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை அவர் தாளைத் திறந்து பார்த்திருப்பார். குறிப்பு போனதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சீசனைத் தொடங்கிவிட்டார். அதன் பிறகு அவர் தாள்களில் எந்த ஓரத்திலும் ஒரு குறிப்பும் இருந்ததில்லை. அது கற்றுக்கொண்டதன் அடையாளம் என்று அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் நல்லவிதமாகவே எழுதினேன், மனப்பூர்வமாகத்தான் எழுதினேன். சில மாதங்களில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் போனதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்காக நான் எழுதிய வழிகாட்டியில், செல்லாததாக்கப்பட்ட ஆட்டங்களைச் சேர்க்கக் கூடாது என்ற வாக்கியம் இன்றும் இருக்கிறது. அதை மாற்றப் போவதில்லை. ஆனால் அந்தச் சீசனின் தாளைத் திறக்க நேரும்போதெல்லாம் ஏப்ரல் 3இல் கண் நிற்கிறது. வால்சால் ஏன் ஒரு புதன்கிழமை மான்செஸ்டருக்கு வந்தது என்பதற்கு அந்தத் தாளில் எங்கும் காரணம் இல்லை.