குட்டியைச் சேர்க்காத ஆடு

ஆட்டுப் பட்டிகளில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் இது: "குட்டியை அண்ட விடமாட்டேங்குது, முட்டித் தள்ளுது." தீர்ப்பும் கூடவே வரும்: "மோசமான ஆடு, வித்துடலாம்." தீர்ப்புக்கு முன்னால் விசாரிக்க வேண்டியது வேறு. குட்டி விழுந்த முதல் இரண்டு மணி நேரத்தில் அந்தக் கொட்டிலில் என்ன நடந்தது? யார் குட்டியைத் தூக்கினார்கள், எதைக் கொண்டு துடைத்தார்கள், எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பல சமயம் கோளாறு ஆட்டின் குணத்தில் இருக்காது. நம் கைவேலையில் இருக்கும்.

சினையில்லாத செம்மறிக்குப் பனிக்குட நீரின் வாடையே ஆகாது. அந்த நீர் பட்ட தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகிப் போகும். பச்சைக் குட்டி கிட்டே வந்தால் முட்டும். ஏறக்குறைய 150 நாள் சினை முடிந்து ஈன்ற மாத்திரத்தில், அதே ஆடு அதே நீரைத் தேடித் தேடி நக்கும். ஈரம் சிந்திய தரையைக்கூட விடாது. அடித்தொண்டையில், வாய் திறக்காமல், ஒரு மெல்லிய முனகல் வரும். வேறு எப்போதும் எளிதில் கேட்காத குரல் அது. வெறுத்த வாடை சில நிமிடங்களில் விருப்பமாக மாறுகிறது என்றால், மூளைக்குள் ஏதோ புரண்டிருக்கிறது என்று பொருள்.

ஈனும் நாள் நெருங்கும்போது, சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கி, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. இது நிலத்தை உழுது வைப்பது போன்றது. விதை பிறகுதான் விழுகிறது. குட்டி வெளியே வரும்போது கருப்பை வாயும் பிறப்புப் பாதையும் விரிகின்றன. அந்த விரிவுச் செய்தி தண்டுவடம் வழியாக மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்குப் போய், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை மூளைக்குள்ளேயே சுரக்க வைக்கிறது. ஆய்வாளர்களான கேம்பிரிட்ஜின் பாரி கெவெர்னும் கீத் கென்ட்ரிக்கும், பிரான்சின் நூசியி (Nouzilly) ஊரில் பஸ்கால் புவான்ட்ரோனும் ஃப்ரெடெரிக் லெவியும் 1980களில் செம்மறிகளில் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள். 1987இல் வந்த ஒரு சோதனையில், சினையில்லாத, ஹார்மோன் கொடுத்துத் தயார்ப்படுத்திய ஆடுகளின் மூளை உட்குழிக்குள் ஆக்ஸிடோசின் செலுத்தியபோது, ஒரு நிமிட அளவிலேயே அவை அந்நியக் குட்டியை முகர்ந்து நக்கத் தொடங்கின.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "ஆக்ஸிடோசின் ஊசி போட்டால் குட்டியைச் சேர்த்துக்கொள்ளும்" என்று சதையில் ஊசி போடச் சொல்கிறார்கள். இரத்தத்தில் ஓடும் ஆக்ஸிடோசின் மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழையும். மடியில் பால் இறங்கும், கருப்பை சுருங்கும், மனம் மாறாது. பால் இறங்கிய மடியோடு ஆடு குட்டியை உதைத்துக்கொண்டே நிற்கும்.

அடுத்து நடப்பது மூக்கில். மோப்பக் குமிழ் என்ற மூளைப் பகுதியில் உள்ள செல்கள் ஈனுவதற்கு முன் பெரும்பாலும் தீவன வாசனைக்கே துடிக்கின்றன. ஈன்ற பிறகு குட்டி வாசனைக்குத் துடிக்கும் செல்களின் எண்ணிக்கை பெருகுகிறது. அவற்றில் ஒரு பங்கு தன் குட்டியின் வாசனையை மட்டும் தனியாகப் பிரித்தறிகிறது. 1992இல் வெளியான இந்த ஆய்வுதான், தாய்மையின் நினைவு மூளையில் எந்த இடத்தில் பதிகிறது என்று விரல் வைத்துக் காட்டியது. செம்மறிக்கு இந்தப் பதிவு முடிய இரண்டு மணி நேரம் போதும். அதன் பிறகு தன் குட்டி மட்டுமே குட்டி, மற்றதெல்லாம் அந்நியம். வெள்ளாட்டில் 1964இல் செய்த சோதனையில், ஈன்ற உடனே ஐந்து நிமிடம் குட்டியோடு இருந்த தாய், பிறகு பிரித்து வைத்தாலும் குட்டியை ஏற்றது. அந்த ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத தாய்களில் பெரும்பாலானவை ஒரு மணி நேரப் பிரிவுக்குப் பிறகு மறுத்துவிட்டன.

எலி இப்படியில்லை. யார் பெற்ற குட்டியானாலும் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவரும். ஈனாத பெண் எலிகூடச் சுமார் ஒரு வாரம் குட்டிகளோடு இருந்தால் தாயைப் போல நடக்கத் தொடங்கும். பிறந்த கையோடு எழுந்து மந்தைக்குள் நடக்கும் குட்டியைப் பெறும் ஆட்டுக்குத்தான் 'எது என்னுடையது' என்ற கண்டிப்பு தேவைப்படுகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் கொட்டிலில் செய்ய வேண்டியது தானாகவே விளங்கும். தாய்க்குத் தனியாக, தட்டியால் அடைத்த, நாலைந்து அடி நீளமும் அதே அகலமும் உள்ள இடம், உலர்ந்த வைக்கோல், எட்டும் தூரத்தில் தண்ணீர். குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை மட்டும் விரலால் எடுத்துவிட்டு, குட்டியைத் தாயின் மூக்குக்கு நேராக வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். துணியால் துடைப்பதும் சோப்பு நீரில் கழுவுவதும்தான் பெரிய கேடு. பனிக்குட நீர் போய்விட்டால் தாய்க்குக் கிடைக்க வேண்டிய அழைப்பே போய்விடும். முதல் ஈத்து ஆட்டுக்கு இது இன்னும் கடுமை. கையில் கிருமிநாசினி வாடையோடு குட்டியின் பின்பக்கத்தைத் தொடக் கூடாது, தாய் முகர்வது அங்கேதான். அயோடின் தொப்புள்கொடி நுனிக்கு மட்டும். சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள், எடையில் கிலோவுக்கு 50 மில்லி. 2 கிலோ குட்டிக்கு 100 மில்லி. குட்டி சப்பத் தெரியாமல் திணறினால் தாயிடமே கறந்து, தாயின் கண்ணெதிரிலேயே புகட்ட வேண்டும்.

இரட்டைக் குட்டிகளில்தான் அதிகம் தவறு நடக்கும். நம் ஊர் 'கன்னி' இன வெள்ளாட்டில் இரட்டை சாதாரணம். முதல் குட்டி எழுந்து நடக்கும்போதே இரண்டாவது விழும். உதவுகிறோம் என்று முதல் குட்டியை எடுத்துப்போய் வேறு மூலையில் வைத்தால், தாய் ஈரத் தரையை விட்டு நகராது. முதல் குட்டி அதன் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இரண்டையும் ஈன்ற இடத்திலேயே விட வேண்டும்.

அறுவை செய்து குட்டி எடுத்த ஆட்டில் பிறப்புப் பாதை விரியவில்லை. முதுகுத்தண்டில் கொடுக்கும் மயக்க ஊசியும் அந்தச் செய்தியை வழியிலேயே தடுத்துவிடும். அதனால் அறுவையின்போது பனிக்குட நீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துவைத்து, தாய் தலை தூக்கியதும் குட்டியின் முதுகிலும் வாலிலும் பூசி முன்னால் வைக்க வேண்டும். பலமுறை ஈன்ற ஆடு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். முந்தைய ஈத்துகளின் அனுபவம் அதன் மூளையில் தங்கியிருக்கிறது. இதை மனிதத் தாய்மார் மேல் பொருத்திப் பேசுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சிசேரியன் ஆன பெண்ணுக்குப் பிள்ளைமேல் பாசம் குறையும் என்பதற்கு ஆட்டின் மூக்கு சாட்சியாகாது.

தாயில்லாக் குட்டியை வேறு ஆட்டுக்குச் சேர்க்க நல்ல தருணம், அந்த ஆடு ஈனும் அதே நேரம். வளர்ப்புக் குட்டியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, விழும் பனிக்குட நீரை அதன்மேல் தடவி, முதலில் அதைத் தாய்முன் போட வேண்டும். சில நாள் ஆன குட்டி என்றால் துள்ளி எழும், தாய்க்குச் சந்தேகம் வரும். எனவே மூன்று கால்களைத் தளர்வாகக் கட்டிப் படுக்க வைப்பார்கள். நக்கத் தொடங்கிய பிறகு சொந்தக் குட்டியைப் பக்கத்தில் வைத்து, கட்டை அவிழ்க்கலாம்.

சொந்தக் குட்டி செத்துவிட்டால் பழைய முறை ஒன்று உண்டு. செத்த குட்டியின் தோலை வாலோடு உரித்து, கால்களுக்கு நான்கு ஓட்டை விட்டு, வளர்ப்புக் குட்டிக்குப் பனியன்போல மாட்டுவது. கன்று செத்த பசுவுக்கு வைக்கோல் திணித்த தோல் கன்றைக் காட்டிக் கறப்பதை நம் ஊரில் பலரும் பார்த்திருப்பார்கள். அதிலும் வேலை செய்வது பெரும்பாலும் தோலின் வாசனைதான். நம் வெயிலில் தோல் சீக்கிரம் நாறும், ஈ மொய்க்கும். ஒரு நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்து, மூன்றாம் நாளுக்குள் முழுவதும் நீக்கிவிட வேண்டும். அதற்குள் தாயின் பால் குட்டியின் வயிற்றைக் கடந்து, சாணியில் தாய்க்குப் பழகிய வாசனையைக் கொண்டுவந்திருக்கும். சினை வீசிய, அதாவது கரு கலைந்த, ஆட்டின் குட்டித் தோலை மட்டும் தொடவே கூடாது. கருவைக் கலைக்கும் புருசெல்லா கிருமி அதில் இருந்தால் மனிதருக்கும் தொற்றும்.

தீவனமில்லாமல் இளைத்த ஆட்டிடம் எந்த உத்தியும் சரியாக எடுபடாது. கருக்குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி ஆறு வாரத்தில். அப்போது தீவனம் குறைந்தால் சீம்பால் குறையும், ஈன்ற இடத்தை விட்டுத் தாய் சீக்கிரம் கிளம்பிவிடும்.

சேர்ந்துவிட்டதா என்று அறிய அருகே போக வேண்டியதில்லை. குட்டி காம்பைப் பிடித்ததும் தாய் தலையைத் திருப்பி அதன் வாலடியை முகரும். வால் வேகமாக ஆடும். முகர்ந்த பிறகும் தாய் நின்ற இடத்திலேயே நின்று, பின்காலைச் சற்று அகட்டிக் கொடுத்தால் தட்டியைத் திறக்கலாம். ஒரு காலைத் தூக்கி வட்டமடித்தால் இன்னும் ஒரு நாள் தட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.